சோளகத்துக்கும் மாரிக்கும் சைக்கிள் உடுப்பு

தர்மபுரத்திலிருந்து பரந்தன் சந்தி, அங்கிருந்து ஏ9 வீதியால் கிளிநொச்சி. இதுதான் நான் வேலைக்குப் போய்வரும் சைக்கிள் பாதை. வைகாசியில் தென்மேற்குக் காற்றான சோளகம் எழும்பினால் புரட்டாதி வரைக்கும் காலையில் எதிர்க்காற்று, பின்னேரம் முதுகுக் காற்று. மாரி தொடங்கி வாடை வீசினால் இது தலைகீழாகும். இந்த இரண்டு காலத்துக்கும் ஒரே உடுப்பு சரிவராது என்பது சைக்கிள் ஓடும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எந்தத் துணி எப்போது சரிவரும் என்பதைத் துணி வாங்கி, நனைத்து, எடை பார்த்து, தைப்பித்துப் பார்த்தேன். அதன் பதிவு இது.

இந்தப் பாதையில் உடம்பு அதிகம் வேகுவது முதுகுக் காற்றில்தான். எதிர்க்காற்று கால்களை முறிக்கும், ஆனால் வேர்வையைக் காயவைத்துக்கொண்டே வரும். பின்னேரம் நாம் போகும் வேகத்திலேயே காற்றும் பின்னாலிருந்து வந்தால் உடம்பைச் சுற்றிக் காற்று அசையவே அசையாது. ஒரு லீற்றர் வேர்வை தோலில் ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோயூல் வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். அதே ஒரு லீற்றர் சொட்டுச் சொட்டாக றோட்டில் விழுந்தால் உடம்புக்குக் குளிர்ச்சியே கிடைக்காது. தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம். ஆகவே ஒரு துணியைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது, அது வேர்வையை எங்கே வைத்துக்கொள்கிறது என்பதைத்தான்.

பருத்தி இழை ஈரத்தைத் தனக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும். 65 வீத ஈரப்பதன் உள்ள அறையில் சும்மா தொங்கவிட்டாலே தன் உலர்ந்த எடையில் 8 வீதம் அளவுக்குத் தண்ணீரை எடுத்துவிடும். நைலோன் 4 வீதம் எடுக்கும், பொலியெஸ்டர் அரை வீதம்கூட எடுக்காது. கம்பளி எல்லாவற்றையும் விட அதிகம், 16 வீதம் வரை. பொலியெஸ்டருக்குள் தண்ணீர் போகாததால், நல்ல பின்னலாக இருந்தால் இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய வழிகளால் வேர்வை ஊர்ந்து துணியின் வெளிப்பக்கத்தில் விரிந்து காய்ந்துவிடும். பின்னல் மோசமாக இருந்தால் வேர்வை தோலிலேயே நிற்கும். பொலியெஸ்டர் என்ற ஒரே பெயரில் விற்கும் ஒரு ரீசேர்ட் இதமாகவும் இன்னொன்று பொலித்தீன் பை போலவும் இருப்பதன் காரணம் இதுதான்.

துணி தேடப் பெரிய கடைக்குப் போகவில்லை. எங்கள் மாவட்டத்திலேயே ஆடைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. வெளிநாட்டு விளையாட்டு உடுப்புகளுக்கு வெட்டி மிஞ்சிய துணி கட்பீஸாகச் சந்தைக்கு வரும், கிலோக் கணக்கில் வாங்கலாம். ஏற்கெனவே செய்தாகிவிட்ட துணி, வெளியே போயிருந்தால் குப்பை. சூழலைப் பற்றி யோசிப்பவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கட்பீஸில் லேபல் இருக்காது, அது ஒன்றுதான் சிக்கல். அதனால் துணியை நாமே இனங்காண வேண்டும்.

விளிம்பிலிருந்து சில நூல்களை இழுத்து, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ச் சட்டிக்கு மேலே நெருப்புக் காட்டினேன். பருத்தி கடதாசி எரிவது போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கடினமான கறுப்பு மணியாக நிற்கும். கம்பளி தலைமயிர் கருகும் மணத்தோடு மெல்ல எரியும், நெருப்பை எடுத்தால் தானே அணைந்துவிடும். சாம்பலும் மணியும் சேர்ந்து வந்தால் அது கலப்புத் துணி. இதை வீட்டுக்கு வெளியே செய்யுங்கள், உருகிய துளி கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும்.

அடுத்தது எடை. துணிக்காரர் ஒரு சதுர மீற்றர் துணியின் எடையைக் கிராமில் சொல்வார்கள். துண்டின் நீள அகலத்தை அளந்து, சமையலறைத் தராசில் வைத்து, பரப்பளவால் வகுத்தால் போதும். 50 சென்ரிமீற்றர் சதுரமான துண்டு கிடைத்தால் அதன் எடையை நான்கால் பெருக்கலாம். சந்தையில் கிடைக்கும் சாதாரணப் பருத்தி ரீசேர்ட் துணி 160 முதல் 180 வரை வரும். எங்கள் வெயிலில் ஓட 120க்கும் 140க்கும் இடைப்பட்ட பின்னல் துணி சரி. அதற்குக் கீழே போனால் காற்றோட்டம் நன்றாக இருக்கும், ஆனால் வெயிலும் உள்ளே வரும்.

மூன்றாவது சோதனைக்குப் பிளேன் ரீ தேவை. இரண்டு விரல் அகலமான துணிப் பட்டிகளை ஒரு தடியில் வரிசையாகக் கட்டி, நுனி மட்டும் ஆறிய தேநீரில் முட்டும்படி தொங்கவிட்டேன். நிறம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பத்து நிமிடத்துக்குப் பிறகு பார்க்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் நனைத்துப் பிழிந்து நிழலில் போட்டு, எது முதலில் காய்கிறது என்று பார்க்க வேண்டும். பருத்தி தேநீரை விரைவாக ஏற்றியது, ஆனால் காய மனமில்லாமல் கிடந்தது. மெல்லிய பொலியெஸ்டர் பின்னல் ஒன்று அதே உயரம் ஏற்றி, மிக முந்திக் காய்ந்தது. இன்னொரு பொலியெஸ்டரில் தேநீர் ஏறவே இல்லை. இந்தச் சோதனையைத் துணியைச் சில தடவை தோய்த்த பிறகு மறுபடி செய்து பார்ப்பது முக்கியம். சில துணிகளில் ஈரத்தை இழுக்கும் குணம் மேலே பூசிய இரசாயனத்தால் வருகிறது, தோய்க்கத் தோய்க்க அது போய்விடும். இழையின் வடிவத்தால் வரும் குணம் போகாது.

இந்தச் சோதனைகளில் தேறிய பொலியெஸ்டரைத்தான் சோளகத்துச் சேர்ட்டுக்கு எடுத்தேன். முழுக்கை, தளர்வான உடல், கழுத்தை மூடும் கொலர். முழுக்கை வைத்ததற்குக் காரணம் வெயில். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் வன்னிக்கு ஏறத்தாழ நேர் மேலே நிற்கும். துணி புற ஊதாக் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1996இல் ஒரு தர அளவு கொண்டுவந்தன. எண் 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு கதிர்தான் உள்ளே போகும். மெல்லிய வெள்ளைப் பருத்தி ரீசேர்ட்டுக்கு அந்த எண் பத்தைக்கூடத் தொடாது, நனைந்தால் இன்னும் இறங்கும். நெருக்கமான பொலியெஸ்டர் இயல்பிலேயே புற ஊதாக் கதிரை நன்றாக உறிஞ்சும். துணியை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்து, ஊசித்துளைகளாக வெளிச்சம் வந்தால் தோளுக்கு அந்தத் துணியை வைக்காதீர்கள். அக்குளுக்கு வைக்கலாம், அங்கே வெயில் படாது, காற்றுத்தான் வேண்டும். என் சேர்ட்டில் அப்படித்தான் தைப்பித்தேன்: தோளும் கையும் நெருக்கமான துணி, அக்குளிலிருந்து இடுப்பு வரை வலைப் பின்னல்.

தைத்தவர் முன்பு ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்து, இப்போது வீட்டு முன்வளவில் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா. துணியைத் தொட்டுப் பார்த்ததுமே சொன்னார்: "தம்பி, இது இழுபடுற துணி. சாதாரண ஊசியால அடிச்சா நூல் விட்டு விட்டுத்தான் விழும். போல் பொயின்ற் ஊசி வேணும், நூலும் பொலியெஸ்டர் நூல்தான். பருத்தி நூல் போட்டா துணி இழுபடேக்குள்ள தையல் வெடிக்கும்." உருண்டை முனை ஊசி இழையைக் குத்தி அறுக்காமல் இடைவெளிக்குள் நுழையும். பக்கத் தையலை ஓவர்லொக்கில் அடித்த பிறகு மடிப்பைத் தோலில் உரசாமல் வெளிப்பக்கம் படுக்கவைத்து மேலே இன்னொரு தையல் ஓட்டினார். அந்த ஒரு வேலையால் அக்குள் உரசல் நின்றுவிட்டது. வீட்டில் தைப்பவர்கள் இந்த மேல் தையலை விட்டுவிடக் கூடாது.

பொலியெஸ்டரின் பெரிய குறை மணம். 2014இல் பெல்ஜியத்தின் கென்ற் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உடற்பயிற்சி செய்தவர்களின் ரீசேர்ட்டுகளை ஒரு நாளுக்கு மேல் வைத்துப் பரிசோதித்தார்கள். பொலியெஸ்டர் பருத்தியை விட மோசமாக மணத்தது. கெட்ட மணத்தோடு தொடர்புள்ள மைக்ரோகொக்கஸ் பற்றீரியா பொலியெஸ்டரில் நன்றாக வளர்ந்திருந்தது. இதற்கு நான் கண்ட வழி, கந்தோருக்குப் போனதும் சேர்ட்டைக் கழற்றி, தண்ணீரில் அலசி, நிழலில் தொங்கவிடுவது. பின்னேரம் திரும்பும்போது காய்ந்திருக்கும். கந்தோரில் போட ஒரு பருத்திச் சேர்ட் பையில் வரும். சைக்கிளுக்கும் கதிரைக்கும் ஒரே சேர்ட்டைத் தேடுவதை விட்டுவிடுங்கள். அப்படி ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை.

மெரினோ கம்பளி அந்த இடத்துக்குக் கிட்ட வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நோர்வேயில் இருக்கும் சித்தப்பா அனுப்பிய மெல்லிய மெரினோ பெனியன் ஒன்று என்னிடம் உண்டு. கம்பளி என்றதும் வன்னி வெயிலில் போடுவதா என்று கேட்பார்கள். மெல்லியதாக இருந்தால் போடலாம், இரண்டு நாள் தோய்க்காமல் போட்டும் மணக்காது. ஆனால் முழுக்க நனைந்தால் காய நேரமெடுக்கும், முதுகுப் பையின் பட்டி உரசும் இடத்தில் சீக்கிரம் தேயும். இங்கே வாங்கவும் கிடைக்காது. யாராவது அனுப்பினால் மாரிக் காலக் காலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பருத்தியை நான் தள்ளிவைத்துவிடவில்லை. அது தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது முதுகில் தொல்லை, கழுத்தில் வசதி. வயலுக்குப் போகும் ஐயாமார் நனைத்த துவாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போவது தெரிந்த காட்சி. சோளகத்தின் வறண்ட காற்றில் அந்தத் துவாய் மெல்ல மெல்ல ஆவியாகிக் கழுத்தைக் குளிர்வித்துக்கொண்டே வரும். பழைய கைத்தறிச் சாரத்தில் வெட்டிய ஒரு முழத் துண்டு இதற்கு நல்லது. மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் இந்த வேலை எடுபடாது. சந்தைக்கு, கோயிலுக்கு என்று கிட்டப் போய்வருவதற்குக் கையில் இருக்கும் பருத்திச் சேர்ட் தாராளமாகப் போதும், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

இனிக் காற்சட்டை. சேர்ட் பிழையாய் அமைந்தால் அசௌகரியம், காற்சட்டை பிழையாய் அமைந்தால் புண். டெனிமின் கவட்டில் நான்கு தடித்த தையல்கள் ஒரே இடத்தில் சந்திக்கும், சரியாக சீற்றில் அழுந்தும் இடம் அது. நைலோனோடு எலஸ்தேன் கலந்த இழுபடும் துணியில், சதுர மீற்றருக்கு 200 கிராமுக்குச் சற்று மேலே, முழங்கால் வரை வரும் உள்காற்சட்டை தைப்பித்தேன். கவட்டில் டயமண்ட் வடிவத் துண்டு ஒன்றை வைத்துத் தைத்தால் தையல்கள் நடுவிலிருந்து விலகிப்போகும். தடித்த ஸ்பொஞ்ச் வைக்கவில்லை. போட்டிச் சைக்கிள்காரர் முன்னே குனிந்து ஒடுங்கிய சீற்றில் இருப்பதற்கென்று வந்தது அது. எங்கள் சைக்கிளில் நிமிர்ந்து, ஸ்பிரிங் வைத்த அகன்ற சீற்றில் இருக்கிறோம், ஒரு மெல்லிய இரட்டைத் துணி போதும். இதற்கு உள்ளே வேறு உள்ளாடை போடக்கூடாது, போட்டால் அதன் தையல் உரசத் தொடங்கும். மேலே தளர்வான மெல்லிய நீளக்காற்சட்டை. இறுக்கமான காற்சட்டையோடு கோயில் வாசலைக் கடந்து போவது எனக்கு ஒத்துவராது, இந்த இரண்டு அடுக்கில் அந்தப் பிரச்சினையும் இல்லை.

எலஸ்தேன் 1958இல் டூபொன்ட் கொம்பனியின் ஆய்வுகூடத்தில் பிறந்தது. இழுத்துவிட்டால் பழைய அளவுக்குத் திரும்பும் அந்தக் குணத்தைக் கெடுப்பவை சுடுதண்ணீர், குளோரின், கொதிக்கும் வெயில். நிழலில் காயவிட்டால் பல மடங்கு உழைக்கும். கலப்புத் துணி என்பதால் பிறகு பிரித்து மறுசுழற்சி செய்வதும் கடினம். எனவே எவ்வளவு தேவையோ அவ்வளவுக்கு மட்டும் அதைப் பாவியுங்கள், சேர்ட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் தங்கச்சியும் சைக்கிளில்தான் போகிறாள். அவளுடைய பஞ்சாபி உடுப்புகள் பெரும்பாலும் ரேயோன். தொட மென்மை, வேர்வையையும் இழுக்கும், ஆனால் ரேயோன் இழை நனைந்தால் பலத்தில் பாதியளவு போய்விடும். வேர்த்து ஈரமான நிலையில் சீற்றில் உரசி உரசிப் பின்பக்கம் முதலில் நைந்தது அதனால்தான். பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்த நெய்த துணிக்கு மாறிய பிறகு நிலைக்கிறது. சால் சில்லுக்குள் போகாமல் இருக்க இரண்டு தோளிலும் உள்ளே பிரஸ் பொத்தான் வைத்துப் பூட்டுகிறாள். மூங்கில் துணி என்று விற்பதும் பெரும்பாலும் இதே ரேயோன்தான். மூங்கிலை இரசாயனத்தில் கரைத்து இழையாக்குகிறார்கள், அதில் பயன்படும் கார்பன் டைசல்பைட் தொழிலாளரின் நரம்பைத் தாக்கும் நஞ்சு. மரக்கூழை வேறொரு கரைப்பானில் கரைத்து இழையாக்கி, அந்தக் கரைப்பானை 99 வீதத்துக்கு மேல் மீட்டெடுக்கும் லையோசெல் முறை அதைவிடச் சுத்தமானது.

மாரிக்கு வருவோம். ஈரத்தை வெளியே விட்டு மழையை உள்ளே விடாத விலை கூடிய றெயின்கோட் வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 1969இல் அமெரிக்கரான பொப் கோர் ரெஃப்லோனை இழுத்து நுண்துளைப் படலமாக்கியதிலிருந்து வந்த தொழில்நுட்பம் அது. உள்ளேயும் வெளியேயும் உள்ள நீராவி அழுத்த வித்தியாசம்தான் வேர்வையை வெளியே தள்ளுகிறது. 35 பாகைத் தோலில் அந்த அழுத்தம் 5.6 கிலோபாஸ்கல் வரை போகும். ஐரோப்பாவில் 5 பாகைக் குளிர் மழையில் வெளியே 0.9தான், ஆக வித்தியாசம் பெரிது. எங்கள் மழை 25 பாகையில் பெய்கிறது, வெளியே 3.2. தள்ளும் விசை ஏறத்தாழப் பாதிதான். காசு முழுக்கக் கொடுத்துப் பாதி வேலை வாங்குவதில் நியாயமில்லை. மேலும் நீர் ஒட்டாத பூச்சுகளில் நீண்டகாலம் பாவித்த புளோரின் சேர்மங்கள் மண்ணிலும் தண்ணீரிலும் அழியாமல் கிடப்பவை. கலிபோர்னியா 2025 ஜனவரியிலிருந்து அவை சேர்த்த துணிகளின் விற்பனைக்குத் தடை போட்டிருக்கிறது.

நான் தைப்பித்தது கீழே திறந்த ஒரு மழைப் போர்வை, கேப். முறிந்த குடைகளின் துணிதான் மூலப்பொருள். முக்கோணத் துண்டுகளைத் தலைமாற்றி அடுக்கினால் அகலமான துணி கிடைக்கும். தையல் துளைகளால் தண்ணீர் ஒழுகும், அதற்குத் தேன்மெழுகு. காட்டுத் தேன் விற்பவர்களிடம் கேட்டால் மெழுகும் தருவார்கள். தையலின் இரண்டு பக்கமும் தேய்த்து, மேலே கடதாசி வைத்து, மிகக் குறைந்த சூட்டில் அயன் பண்ண மெழுகு நூலுக்குள் இறங்கும். சூடு கூடினால் குடைத்துணி உருகிவிடும், கவனம். முன்விளிம்பில் இரண்டு எலாஸ்ரிக் வளையம் வைத்துப் பெருவிரலில் மாட்டிக் கைப்பிடியைப் பிடித்தால் வாடைக்காற்றில் கேப் தூக்காது. முழங்காலுக்குக் கீழே நனையும். நனையட்டும், உள்ளே காய்ந்துவிடும் துணிதானே போட்டிருக்கிறோம்.

இனித் துணியின் சூழல் கணக்கும் தோய்ப்பதும். பருத்தி இயற்கையானது, ஆனால் ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலகச் சராசரியாக 10,000 லீற்றர் தண்ணீர் போகிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரைச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்குப் பங்கிடலாம் என்று கூட்டம் போட்டு முடிவெடுக்கும் எங்களுக்கு அந்த எண்ணின் கனம் தெரியும். பொலியெஸ்டர் அந்தத் தண்ணீரைக் குடிக்காது, ஆனால் பெற்றோலிய எண்ணெயிலிருந்து வருகிறது, தோய்க்கும்போது நுண்ணிழைகளை உதிர்க்கிறது. 2016இல் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 6 கிலோ பொலியெஸ்டர் துணியை மெஷினில் ஒருமுறை தோய்த்தால் ஏறத்தாழ 496,000 இழைகள் கழிவுநீரில் போகலாம் என்று கணக்கிட்டார்கள். போத்தலை உருக்கிச் செய்த பொலியெஸ்டரும் உதிர்க்கத்தான் செய்யும். எங்கள் வீட்டில் தோய்த்த தண்ணீர் வாழைப் பாத்திக்குப் போகிறது. அதாவது அந்த இழை எங்கள் மண்ணிலேயே தங்குகிறது.

ஆகவே தோய்கல்லில் அடிப்பதும் பிறஷ் போட்டுத் தேய்ப்பதும் இந்தத் துணிகளுக்கு இல்லை. வாளியில் ஊறவைத்து, கையால் கசக்கி, அலசுவது மட்டும். முதல் சில தோய்ப்புகளில்தான் இழை அதிகம் உதிரும், அந்தத் தண்ணீரை மடித்த சாரத் துண்டால் வடித்துவிட்டு ஊற்றுகிறேன். எல்லாம் பிடிபடாது, கணிசமாகப் பிடிபடும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினமானது என்பதால் இன்னொன்றும் உண்டு. சவர்க்காரக் கட்டி அந்தத் தண்ணீரோடு சேர்ந்து வெள்ளைப் படிவாகி இழைகளின் இடைவெளியை அடைத்துவிடும், துணி விறைக்கும், தேநீர்ச் சோதனையில் தேறிய துணிகூட வேர்வையை இழுக்காது. இந்தத் துணிகளுக்குச் சோப் பவுடர் கொஞ்சமாகப் போட்டு, கடைசி அலசலில் சிறிது வினாகிரி விட்டால் படிவு கரையும். துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டாம், அதுவும் இடைவெளியை அடைக்கிறது.

நிறம் பற்றி ஒன்று. கண்டாவளைப் பக்கக் கிறவல் புழுதிக்கு வெள்ளை ஒரு நாள் தாங்காது, கறுப்பு வெயிலில் கொதிக்கும். நான் எடுத்தது கடும் மஞ்சள். ஏ9இல் பஸ்கள் வரும் வேகத்துக்குத் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். ஒளிரும் மஞ்சள் பகலில்தான் வேலை செய்யும், சூரியனின் புற ஊதாக் கதிரை வாங்கித்தான் அது ஒளிர்கிறது. இரவுக்கு ஒளியைத் திருப்பியனுப்பும் வெள்ளிப் பட்டி வேண்டும். அதை முதுகில் மட்டும் தைக்காமல் இரண்டு கணுக்காலிலும் கட்டுங்கள். மேலும் கீழும் அசையும் வெளிச்சத்தைக் கண்ட சாரதிக்கு ஆள் ஒருவர் பெடல் மிதிக்கிறார் என்று உடனே தெரியும். அந்தப் பட்டியில் ஒட்டியிருப்பவை நுண்ணிய கண்ணாடி மணிகள், அதனால் சேர்ட்டை உட்புறம் வெளியாகத் திருப்பித் தோய்க்க வேண்டும், பட்டியை முறுக்கிப் பிழியக் கூடாது.